டீச்சர் வாங்கிக்கொண்டு போன சட்டை

உங்களுக்கு ஆகாத வீட்டு வைக்கோல் போரில் தீ. அணைக்கப் போன உங்கள் சட்டை முழுக்கக் கரி. அடுத்து என்ன செய்வீர்கள்? நான் செய்தது கடைந்தெடுத்த முட்டாள்தனம்.

போன அறுவடை முடிந்த சமயம். குடவாசல் பக்கம் எங்கள் ஊர். மறுநாள் தஞ்சாவூரில் எனக்கு இன்டர்வியூ. அதற்கென்றே வாங்கிய வெள்ளைச் சட்டையில் போட்டோ எடுத்துக்கொண்டு பைக்கில் கெத்தாக வந்தேன். பக்கத்து வீட்டு டீச்சரின் வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. ஆனாலும் யோசிக்காமல் இறங்கி, எரியாத வைக்கோலைப் பிடுங்கிப் போட்டேன்.

தீ அணைந்ததும்தான் கவனித்தேன், எல்லோரும் என் சட்டையையே பார்க்கிறார்கள்.

"மொத ஆளா இவன்தான் நின்னானாமே?" என்று ஒருவர் இழுத்தார்.

தீ வைத்ததே நான்தான் என்கிறார்களா? வீட்டுக்கு ஓடி, சட்டையைத் துவைக்க பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். வாசலில் டீச்சர்!

"சட்டையக் கழட்டிக் குடுடா."

போச்சு. எவிடென்ஸ் கேட்கிறார். "எதுக்கு டீச்சர்? நானே தொவைச்சுக்கறேன்."

"தண்ணியில போட்டா கரி நூலுக்குள்ள எறங்கிடும்டா. இன்ஜினியரிங்க பாத்து எழுதியா பாஸ் பண்ணே?"

பிடுங்காத குறையாக வாங்கிப் போய்விட்டார். "போலீசுக்குத்தாண்டா குடுக்கப் போறாங்க" என்று அம்மா வேறு கிளப்பிவிட்டார். மதில் மேல் எட்டிப் பார்த்தேன். டீச்சர் சட்டையை நன்றாக உதறினார். மைதாவைத் தூவி, தேய்க்காமல் தட்டிவிட்டார். அப்புறம் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார். இதில் என்ன உள்குத்து?

காலையில் சட்டை அயர்ன் செய்து வந்தது. மோந்து பார்த்தேன், புகை வாடையே இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை. பஸ்ஸில் கழுத்து அரித்ததும், 'பூனைக்காலி சுணையைத் தடவிட்டாங்கடா!' என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். தடவிப் பார்த்தால், என் பை வாரில் ஒட்டியிருந்த வைக்கோல் துணுக்கு.

வேலை கிடைத்தது. சொல்லப் போனபோது கேட்டே விட்டேன்: "என்னைச் சந்தேகப்படலையா டீச்சர்?"

"கரண்ட் ஒயர் ஒரசி தீப்பொறி விழுந்தத நானே பாத்தேன். கோவமெல்லாம் உங்கப்பா மேல. உன் சட்ட என்னடா பண்ணுச்சு?"

யாராவது உதவ வந்தால் 'எதுக்கு?' என்றுதான் எனக்கு இன்னும் முதலில் தோன்றுகிறது. இப்போதெல்லாம் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை.

டீச்சர் வீட்டார் மேல் அப்பா போட்ட வாய்க்கால் கேஸ் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது.