மூன்று தட்டினால் தூக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இட்டுக்கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது எனக்கு நடந்தது. இடம், திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்து. நாள், 2025 மே 22, வியாழக்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

என் பெயர் சனாவுல்லா. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் அலுமினிய ஷட்டர் மாட்டுவது என் தொழில். ஷட்டர் வெளியே இருந்தாலும் அதை ஏற்றுவதும் இறக்குவதும் உள்ளே இருந்துதான். உள்சுவரில் ஒரு கியர் பெட்டி இருக்கும். அதில் சதுரமாக ஒரு துளை. கைப்பிடியை அதில் செருகிச் சுற்றினால் கிர்ர்... கிர்ர்... என்று ஷட்டர் நகரும். ஒரு சுற்றுக்கு ஒரு விரல் அளவு. வெளியிலிருந்து யார் முட்டித் தூக்கினாலும் இம்மியும் அசையாது. திருட்டுப் பயத்துக்குத்தானே அதை மாட்டுகிறார்கள்.

மாட்டும்போது இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. டிரில் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் ஷட்டர் பட்டையில் தட்டிச் சொல்வோம். ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் இறக்கு. மூன்று தட்டினால் தூக்கு. நானும் என் கூட்டாளி பவுல்ராஜும் வைத்துக்கொண்ட பழக்கம் இது. வெளியாள் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் முகமது யாசின். நான்கு வருடத்துக்கு முன் அவர் வீட்டில் ஷட்டர் மாட்டிய அன்று பவுல்ராஜுக்குக் காய்ச்சல். யாசின் பாயே உள்ளே நின்று கைப்பிடி சுற்றினார். தட்டுக் கணக்கைச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார். தங்கமான மனிதர்.

போன பிப்ரவரியில் அவர் பக்கத்து வீட்டுக்கு ஷட்டர் மாட்டப் போயிருந்தேன். அன்று அவரைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் மே மாதம் அவர் அண்ணன் பீர் முகமது போன் செய்தபோதுதான் அவர் இறந்த செய்தியே தெரிந்தது.

"தம்பி மவுத்தாகி மூணு மாசம் ஓடிப்போச்சு பாய். நெஞ்சு வலி. அவன் ரூம் ஷட்டர் தானாத் தொறந்துக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கெடுத்துவிட்டு 'தானா' என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அந்தக் கியர் தானாகச் சுற்றவே சுற்றாது. யாரோ உள்ளே நின்று சுற்றுகிறார்கள். அது யார்?

மதியம் 2.40. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. மாதாந்திர மின்தடை வேறு. பீர் முகமது வாசலிலேயே என்னை மறித்தார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி சம்சாரம் இத்தாவுல இருக்காங்க. உள்ளதான் இருக்காங்க. நீங்க சந்துப் பக்கமா நின்னே பாத்துருங்க."

கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பார்கள். அதுதான் இத்தா. எங்கள் வீட்டுப் பெண்களும் இருந்திருக்கிறார்கள். அதனால் மறுபேச்சுப் பேசாமல் சந்துக்குப் போகத் திரும்பினேன். அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"இனி அது தொறக்கவே கூடாது பாய். அந்த மாதிரி அடிச்சு விட்ருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இந்த வெயிலில், மின்விசிறி ஓடாத அறையில், ஒரு விதவைப் பெண் உள்ளே. இருக்கிற ஒரே ஜன்னலையும் அடைக்கச் சொல்கிறார். எதற்கு? அந்தப் பெண்ணைக் கூண்டில் போட்டு வைக்கவா? பீர் முகமது என் கண்ணைப் பார்க்கவே இல்லை. எனக்குச் சந்தேகம் உறுதியானது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆபத்து என்று தெரியாமல் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

2.55. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஷட்டர் அடியில் நாலு விரல் திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. இத்தாவில் இருக்கும் பெண்ணின் அறை. எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. நான் பார்க்கவில்லை.

பழக்க தோஷம்... பட்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கிர்ர்... கிர்ர்...

ஷட்டர் இரண்டு விரல் இறங்கியது. ஒன்று தட்டினேன். நின்றது. கியர் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு தட்டினேன். கிர்ர்... கிர்ர்... முழுதாக மூடிக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. நான் கணக்கைச் சொல்லவே இல்லையே. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சரி, யாசின் பாய் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

3.05.

டொக்... டொக்... டொக்.

உள்ளே இருந்து மூன்று தட்டு. தூக்கு.

வெளியே நிற்கும் நான் எப்படித் தூக்குவது? கைப்பிடி அவர்களிடம் அல்லவா இருக்கிறது?

மறுபடி மூன்று தட்டு. இந்த முறை மெதுவாக... கையில் தெம்பு இல்லாதது போல.

பட்டையில் வாயை வைத்துக் கேட்டேன். "ஏம்மா... உங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்களா?"

டொக்... டொக்...

மூன்றாவது தட்டுக் கேட்கவில்லை. ஏதோ சுவரில் உரசிக்கொண்டு சரிந்தது.

நான் ஓடினேன். வாசலில் பீர் முகமதுவின் சட்டையைப் பிடித்தேன்.

"ஒரு பொம்பளைய இப்படியா அடைச்சு வைப்பீங்க? தொறங்க அந்த ரூம!"

அவர் திமிறவில்லை. விழித்தார். அதற்குள் சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மச்சான், என்ன சத்தம்? யாரு வந்திருக்கா?"

"அது... யாரு?" என்றேன்.

"நர்கீஸ். தம்பி சம்சாரம்."

என் கை தானாக விட்டுவிட்டது.

"அப்ப... அந்த ரூம்ல?"

"யாரும் இல்ல பாய். நர்கீஸ் அங்க படுக்கப் பயந்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்து ஒரு மாசமாச்சு."

அறைக் கதவில் பெரிய பூட்டு. திறந்தார். இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்தேன்.

காலி. கட்டில்கூட இல்லை.

கியர் பெட்டியில் வெறும் சதுரத் துளை.

"கைப்பிடி எங்க?"

"பீரோ மேல. நேத்து ராத்திரி இறக்கிட்டுக் கழட்டி வச்சேன். காலையில பாத்தா நாலு விரல் தொறந்து கெடக்குது."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வருவீங்களா?"

3.10.

கிர்ர்...

எங்கள் கண் முன்னால் அந்தத் துளை சுற்றியது.

கைப்பிடி இல்லை. கை இல்லை.

கிர்ர்... கிர்ர்...

கிர்ர்...

நாலு சுற்று. தரையில் நாலு விரல் வெயில்.

பிறகு... ஜன்னலுக்கு அடியில்...

டொக்.

டொக்.

டொக்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. என் டிரில் இன்னும் அந்தச் சந்தில்தான் கிடக்கிறது.

அன்று சாயங்காலம் பீர் முகமது டீக்கடையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். சம்பவத்தன்று வீட்டில் எல்லோரும் நத்தத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். யாசின் பாய் மட்டும் தூங்குவதற்காக ஷட்டரை இறக்கிவிட்டு, கதவைத் தாழ்போட்டிருக்கிறார். போன் கூடத்தில் சார்ஜில். ராத்திரி வந்து கதவை உடைத்தபோது ஜன்னலுக்கு அடியில் கிடந்தார். ஒரு கை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. ஷட்டர் நாலு விரல் தூக்கியிருந்தது.

"அதுக்கு மேல சுத்த தெம்பு இல்ல போல. தட்டியிருக்கான் பாய். விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. மூணுலருந்து நாலு மணிக்குள்ள உசுரு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. கேக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே."

"என்னைக்கு?" என்று கேட்டேன்.

"பிப்ரவரி ஆறு. வியாழக்கெழம."

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஷட்டரைப் படம் எடுத்து வைப்பேன். போனைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ஷட்டர். பிப்ரவரி 6, மதியம் 3.22.

அன்று நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் வெளியே ஏணியில் நின்றேன். பவுல்ராஜ் உள்ளே. எங்கிருந்தோ மூன்று தட்டு. பிறகும் மூன்று.

"ஏலே பவுலு, வெளிய நிக்கிறவன் நானு. நீ எதுக்குலே தட்டுற?"

"நான் தட்டலையேண்ணே."

விளையாடுகிறான் என்று திட்டிவிட்டு டிரில்லைப் போட்டேன். அதன்பின் எதுவும் கேட்கவில்லை.

கேட்க ஆள் இருந்தது. அந்தத் தட்டுக்கு அர்த்தம் தெரிந்த ஆள், நாலடி தூரத்தில் நின்றது. பாவி நான்தான்.

அந்தப் படத்தின் ஓரத்தில் யாசின் பாயின் ஜன்னலும் விழுந்திருக்கிறது. நாலு விரல் இடைவெளி. அதில் வெளிறி ஏதோ தெரிகிறது. பெரிதாக்கிப் பார்க்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.