பதினோராவது மரம்

மாதவியிடம் இரண்டு பிளாஸ்டிக் டிரம் உண்டு. அரிசி கொட்டி வைக்கிற டிரம் அல்ல. முழங்கை நீளத்தில், வெளிச்சம் புகாத மூடி போட்ட உருளைகள். கலர்ப் படத் தாள் கழுவுவதற்கென்று வந்த சாமான். சிரம்பானில் அவள் வேலை பார்த்த கலர் லேப் மூடிய அன்று, "பூந்தொட்டியாவது வச்சுக்கோ" என்று முதலாளி தூக்கிக் கொடுத்தார். மாதவியா பூச்செடி வைப்பாள்? பழைய பெட்டிக் கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நோட்டுப் புத்தக அகலமுள்ள பிலிம் தாளை அந்த டிரம்முக்குள் வளைத்துச் செருகி நெகட்டிவ் கழுவக் கற்றுக்கொண்டாள். காலையில் பெடாஸ் பள்ளிக் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டுகிற கை அது.

மரை கழன்ற கேஸ் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் போனோடு சேர்ந்து வாளித் தண்ணீரில் விழுந்த கதை ஊருக்கே தெரியும்.

மோகனாவுக்கு மட்டும் அந்தக் கைமேல் நம்பிக்கை. சுவா ஊருக்கு உள்ளே ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் இருவரும்.

திங்கட்கிழமை மோகனாவுக்குக் கீமோ. இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி. நாற்பத்தாறு வயதிலும் ஒரு நரை கிடையாது. "கொத்துக் கொத்தா கொட்டுறத நான் பாக்க மாட்டேன்டி. அதுக்கு முன்னாடி நானே எடுத்துர்றேன். ஒரே ஒரு படம், செவுத்துல மாட்டுற மாதிரி எடுத்துக் குடு" என்றாள். மாதவியின் பெட்டியில் இருந்ததோ கடைசித் தாள். சனிக்கிழமை காலை மல்லிகை வைத்து, முடியை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் மோகனா. மதியமே ரெம்பா சலூனில் மொட்டை. இந்த ஒரு தாள் கெட்டால் கெட்டதுதான்.

மூன்று மணிக்குத் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு மாதவியின் அடுப்படிக்கு வந்தாள். வெளியே இடி முழங்கியது. மாதவி இருட்டாக்கிய குளியலறையில் பிலிமை டிரம்முக்குள் செருகி, மூடிக் கொண்டு வந்தாள். மூடிவிட்டால் பிறகு வெளிச்சத்திலேயே வேலை பார்க்கலாம். ஐஸ் வைத்துக் குளிரவைத்த டெவலப்பர் மருந்தை மூடியின் வாய் வழியாக ஊற்றினாள். மேசைமேல் டிரம்மை உருட்டும் மோட்டார். சுவரில் கரண்டில் ஓடும் கடிகாரம். பத்து நிமிடம் உருள வேண்டும். குறைந்தால் படம் வெளிறும், மிஞ்சினால் கருகும், நடுவில் நின்றால் திட்டுத் திட்டாகிவிடும்.

பாதியில் கரண்ட் போனது. மோட்டாரும் கடிகாரமும் ஒன்றாக நின்றன.

மோகனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஐயோ, மணி போச்சேடி! போன எடுக்கவா?"

போனை எடுத்து என்ன செய்ய? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று யார் பார்த்தார்கள்?

மாதவி அதற்குள் டிரம்மை இரு கையாலும் மேசையில் உருட்டத் தொடங்கியிருந்தாள். "பேசாத லா. பதினோராவது மரத்துல நிக்கிறேன்."

மோகனாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பட்டையில் காய்ந்த கோட்டுப்பாலை உருவி, உளியை இழுத்து, பால் ஏந்தும் மங்கை நேராக வைத்து அடுத்த பால்மரத்துக்கு நடந்தால் மாதவிக்கு அரை நிமிடம். பன்னிரண்டு வருடம் பால் வெட்டி மர நிரையில் நடந்த கால் அல்லவா! கள்ளி, மனசுக்குள் மரம் எண்ணிக்கொண்டிருந்தாள்; அந்தக் கடிகாரத்தை அவள் பார்த்ததே இல்லை. உதடு அசைய, உடம்பு லேசாக ஆட, டிரம் ஒரே சீராக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உருண்டது. மோகனா பார்த்துக்கொண்டே நின்றாள். இவளைப் போல ஒருத்தி தன்கூட இருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்தது. இருபதாவது மரம் முடிந்ததும் மாதவி டெவலப்பரைக் கொட்டினாள். அடுத்த மருந்தும் மரக்கணக்கில்தான்.

பிலிம் வெளியே வந்தபோது முதுகில் ஊதாக் கறை. மோகனா பதறினாள். "டிரம்ல ஒட்டியிருந்த எடம்டி, மருந்து படல. போயிரும்" என்று மாதவி தட்டில் போட்டு அலசினாள். கறை ஓடிப்போனது.

ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். முகம் கரிச்சட்டி, மல்லிகை கறுப்பு; மடிவரை தொங்கிய முடி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அடியேய், யாருடி இந்தக் கெழவி?"

"நீதான்."

"இப்படி நரைக்கிற வரைக்கும் இருப்பேனாடி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

மாதவி நெகட்டிவைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். "இருப்ப. ஒரு தாள் வாங்கி ஐஸ்பெட்டில வச்சிருப்பேன். நரைச்சதும் வந்து ஒக்காரு."