எல்லோரும் பார்த்த உள்ளான்

மலை விடுதியின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'காட்டு உள்ளான் காட்டப்படும். காட்டத் தவறினால் மறுநாள் தங்குவது இலவசம்.' எழுதி வைத்தவர் விடுதி முதலாளி. காட்ட வேண்டியவர் விசில். வாக்குக் கொடுப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் இன்னொருவர் என்பது உலகத்தில் புதிதல்ல. ஆனாலும் இருபத்தைந்து குளிர்காலமாக ஒரே ஆள் சுமந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும்.

விசில் என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது அவருடைய மனைவி மட்டும்தான் சொல்கிறாள், அதுவும் கோபம் வந்தால். உதட்டைக் குவித்து அவர் ஒரு சீட்டி அடித்தால் புதருக்குள் இருக்கும் குருவி எட்டிப் பார்க்கும், மரங்கொத்தி கொத்துவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். காட்டு உள்ளான் மட்டும் எதற்கும் மசியாது. குளிருக்குப் பயந்து தூர தேசத்திலிருந்து வரும் பறவை அது. புறா அளவு உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நீள அலகு, காய்ந்த சருகின் நிறம். சருகின் மேல் உட்கார்ந்துவிட்டால் செருப்புக்காலால் மிதிக்கப் போகும் வரை அசையாது. கடன்காரனைக் கண்ட வீட்டுக்காரன் கூட அவ்வளவு அமைதியாக இருக்க மாட்டான். இப்படி ஒன்றைக் காட்டியே தீருவேன் என்று பலகை மாட்டுவதற்கு அசட்டுத் தைரியம் வேண்டும். அது முதலாளியிடம் தாராளமாக இருந்தது.

முதலாளி வேறு யாருமல்ல, விசிலுடைய அக்காவின் கணவர். வேலை பார்த்த பட்டறை மூடிப்போய், கல்யாணமான புதிதில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற விசிலை, "ரெண்டு மாசம் வந்து இருங்க மாப்ளே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மலைக்கு அழைத்து வந்தவர் அவர்தான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. விறகு அறையை ஒட்டி ஒரு சின்ன அறை கொடுத்தார். ஒரு கட்டில், ஆணியில் தொங்கும் இரண்டு கம்பளிச் சட்டை, சேறு காயாத காலணிகள். ஜன்னலைத் திறந்தால் ஒரு முழத் தூரத்தில் தண்ணீர்த் தொட்டியின் சுவர். மலையைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அங்கேயே கிடப்பவருக்குச் சுவர்தான் காட்சி.

மனைவியும் மகளும் கீழே நகரத்தில் இருந்தார்கள். சிறுவயதில் மகளுக்கு இளைப்பு. மலைக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் விடுதி காலியாக இருக்கும்போது விசில் வீட்டுக்குப் போவார். குளிர்காலத்தில் அசைய முடியாது. மகள் பிறந்தது குளிர்காலத்தில். பள்ளி ஆண்டு விழாவில் அவள் பரிசு வாங்கியது குளிர்காலத்தில். நர்ஸ் படிப்பு முடித்து வெள்ளை உடுப்பு மாட்டியதும் குளிர்காலத்தில்தான். ஒவ்வொரு முறையும் ஃபோனில் "வந்துடுறேன்மா" என்பார். ஒவ்வொரு முறையும் முதலாளி, "நீங்களும் போயிட்டா வந்திருக்கிறவங்களை யாரு மாப்ளே கூட்டிட்டுப் போவா?" என்பார். விசில் வாயை மூடிக்கொள்வார். முதலாளி கத்தினால் திருப்பிக் கத்தலாம். அன்பாகக் கேட்பவரை என்ன செய்வது? சோறு போட்ட கையாயிற்றே.

இந்தக் குளிர்காலத்தில் மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் வர முடியாது. இன்று இரவு ரயில். மதியப் பேருந்தைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய், அவளோடு ஒரு வாய் சாப்பிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலேற்றலாம். அதை விட்டால் அடுத்த பேருந்து சாயங்காலம்தான். அது போய்ச் சேரும்போது தண்டவாளம்தான் மிச்சமிருக்கும்.

முதல் நாளே முதலாளியிடம் கேட்டார்.

"தாராளமாப் போங்க மாப்ளே. என் பொண்ணு மாதிரிதானே அவளும்? காலையில கூட்டிட்டுப் போய் உள்ளானைக் காட்டிடுங்க. காட்டின உடனே கிளம்பிடுங்க."

"காட்ட முடியலைன்னா மாமா?"

"நீங்களா? உங்களுக்கா முடியாது?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வந்திருந்தவர்கள் நாலு பேர். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர். வாழ்நாளில் எத்தனை வகைப் பறவை பார்த்தோம் என்று கணக்கு வைத்திருப்பவர். பீரங்கி போலக் கேமரா வைத்திருந்த பல் டாக்டர் ஒருவர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தப் பையனுக்குத்தான் பறவைப் பைத்தியம், பெண்ணுக்குத் தூக்கம் போதவில்லை.

மறுநாள் விடியும்போதே கிளம்பினார்கள். புல்லெல்லாம் உறைபனி, கால் வைத்தால் நொறுங்கியது. பாசி பிடித்த மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருப்பது மரமா மனிதனா என்று தெரியவில்லை. விசில் சீட்டியடித்து வழியில் ஏழெட்டுச் சின்னப் பறவைகளைக் காட்டினார். எல்லோரும் மரியாதைக்குப் பார்த்தார்கள். "உள்ளான் எப்போ?" என்று மட்டும் கேட்டார்கள்.

வழக்கமான ஈர மண்ணில் அலகு குத்திய துளை ஒன்றுகூட இல்லை. ஓடைக்கரையில் எச்சம் இல்லை. மூங்கில் சரிவில் இல்லை. நேரமாக ஆக விசில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். காட்டில் நிற்பதாகவே தோன்றவில்லை அவருக்கு. நாலு பக்கமும் மரம் நெருங்கி வந்து, அந்தத் தொட்டிச் சுவர்போல முகத்துக்கு நேரே நின்றது. மகள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருப்பாள். இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அழ வேண்டும்போல இருந்தது.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தருகே சட்டென்று கையை உயர்த்தினார்.

"அசையாதீங்க. அதோ. மரத்துக்கு அடியில, பெரணிச் செடிக்கு இடது பக்கம்."

அங்கே சருகுதான் இருந்தது.

நாலு தொலைநோக்கிகள் ஒரே பக்கம் திரும்பின. ஒரு நிமிடம் ஆளாளுக்குத் தொலைநோக்கியைத் திருகிப் பார்த்தார்கள். பிறகு வங்கி மேலாளர் மெல்ல, "ஆமா... ஆமா, கிடைச்சிருச்சு!" என்றார்.

"எங்க சார்?"

"அந்த வளைஞ்ச குச்சிக்குப் பின்னாடி. நெத்தியில குறுக்குப் பட்டைகூடத் தெரியுதே!"

அவர் பார்த்த பிறகு, பல் டாக்டர் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார். அலகு தான் நினைத்ததைவிட நீளம் என்றார். புதுமாப்பிள்ளையும் பார்த்துவிட்டான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்ணும், "கண்ணு சிமிட்டுது" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். சோறே இல்லாத இடத்தில் பூசணிக்காய் பார்த்தவர்கள் இவர்கள்தான். விசிலுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கால்கள் லேசாகிவிட்டன. பேருந்து கிடைத்துவிடும்.

மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரே கொண்டாட்டம். அக்கா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி ஒவ்வொருவரிடமும் "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று கேட்டு மகிழ்ந்தார். விசில் பையை எடுக்க எழுந்தபோதுதான் பல் டாக்டர் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணுதான் குறை. பனியில படம் எடுக்க முடியலை. உள்ளான் பகல்ல இடம் மாறாதாமே? வெயில் வந்துருச்சு, இப்பவே திரும்பப் போயிடலாம்."

"அதுக்கென்ன, பேஷாப் போகலாம்" என்றார் முதலாளி. "மாப்ளே, ஒரு ரெண்டு மணி நேரம்தான்."

"மாமா, பஸ்ஸு..."

"சாயங்கால பஸ்ல போங்களேன்."

"ரயிலு போயிடும் மாமா."

"ஃபோன்ல பேசிக்கலாம் மாப்ளே. இப்பதான் முகத்தைப் பார்த்தே பேசலாமே. உங்களை நம்பித்தானே பலகையே மாட்டியிருக்கேன்?"

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். எந்தப் பொய்யைச் சொல்லிக் கதவைத் திறந்தாரோ, அதே பொய் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டது. விசில் வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அங்க உள்ளான் இல்லை. நான் பொய் சொன்னேன். என் பொண்ணை ரயிலேத்தணும், அதுக்காகச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

வங்கி மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா பேசறே? பட்டையை எண்ணியே பார்த்திருக்கேன், நாலு!"

"நானும் பார்த்தேன்" என்றார் பல் டாக்டர். "பொண்ணு ஊருக்குப் போறான்னா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்கு எங்களை முட்டாளாக்கணுமா?"

"சத்தியமா அங்க சருகுதான் சார் இருந்துச்சு."

முதலாளி மெதுவாக எழுந்தார். "அப்போ வந்தவங்க நாலு பேரும் பொய் சொல்றாங்களா மாப்ளே? உண்ட வீட்டுக்கு இது அழகா?"

விசில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. காலையில் அவர் சொன்ன பொய்யை நம்பியவர்கள், இப்போது சொன்ன உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள். கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் புத்தி வந்தது.

"சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாரும் பார்த்திருக்கீங்க. விழுந்த மரம், பெரணி, வளைஞ்ச குச்சி. வழி ஒண்ணே ஒண்ணுதான், குழந்தைகூடப் போயிடும். இடம் இவ்வளவு நல்லாத் தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு?"

பல் டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவர் அவர். தெரியாது என்றால் காலையில் பார்க்கவில்லை என்றாகும். வங்கி மேலாளர் தட்டையே உற்றுப் பார்த்தார்.

அந்தப் புதுப்பெண்தான் முதலில் பேசினாள். விசிலை நேராகப் பார்த்தாள்.

"அவர் போகட்டும் சார். எங்களுக்கு இடம் நல்லாத் தெரியும். கண்ணு சிமிட்டிச்சே, அது மறக்குமா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது விசிலுக்குப் புரிந்தது. கை கூப்ப நினைத்தார். கூப்பினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று தலையை மட்டும் அசைத்தார்.

முதலாளி முற்றம் வரை பின்னாலேயே வந்தார். குரலில் இப்போது அன்பு இல்லை. "இறங்கிட்டா அந்த ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். யோசிச்சுக்கோங்க."

அக்கா ஈரக் கையோடு விறகு அறைப் பக்கமிருந்து வந்தாள். அவருடைய பை அவள் கையில் இருந்தது. கம்பளிச் சட்டை இரண்டையும் திணித்து வைத்திருந்தாள்.

"கொடுக்கட்டும்டா. நீ போ" என்றாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையை அவள் பொருட்படுத்தவே இல்லை. "ஓடு. பஸ் திரும்புற சத்தம் கேக்குது."

விசில் ஓடினார். குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, நகர்ந்துகொண்டிருந்த பேருந்தின் கம்பியைப் பிடித்தார். கடைசி இருக்கையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது பயம் வந்தது. வேலை போயிற்று. அக்கா என்ன பாடு படப் போகிறாளோ. ஆனாலும் வண்டி கீழேதான் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது போதும்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் ஃபோனில் சிக்னல் வந்தது. மகள் எடுத்தாள்.

"அம்மாடி, வந்துட்டிருக்கேன்."

"சரிப்பா" என்றாள் மகள், கொஞ்சமும் குரல் மாறாமல். "போய் இறங்கினதும் ஃபோன் பண்றேன். குளிர்ல ராத்திரி வெளிய நிக்காதீங்க. மப்ளர் கட்டிக்கோங்க."

"இல்லம்மா, நான் பஸ்ல இருக்கேன். நிஜமா வரேன்."

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னவாம்? வந்துடுறேன்னாரா?" அதில் குத்தல்கூட இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். மகள், "ஆமாம்மா" என்றாள். இருவரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள்.

நடத்துநர் பக்கத்தில் வந்து நின்றார். விசில் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இது பஸ்ஸுன்னு சொல்லுங்கண்ணே. என் வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்க."

நடத்துநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல டிக்கெட்டை எடுங்க. சில்லறையாக் கொடுங்க" என்று ஃபோனைப் பார்த்தே சத்தமாகச் சொன்னார்.

அந்தப் பக்கம் மகள் ஏதோ சொல்வது மெல்லக் கேட்டது. பிறகு ஃபோன் கை மாறியது. மனைவி அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இந்த முறை அதில் கோபம் இல்லை.

"ரெண்டு பேருக்குத்தான் சமைச்சேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "இருங்க, அடுப்பை மூட்டுறேன்."