ஒவ்வொரு வரிக்கும் நிற்கும் புரோகிராம்

போன மாதம் எங்கள் கடைக் கதவில் மின்சாரக் கம்பனி ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் கரண்ட் இருக்காது, சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று. பக்கத்துப் பூக்கடைக்காரி அதை வாசித்துவிட்டுப் பதறியடித்து என்னிடம் வந்தாள். “நீ கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிறாய், என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்டாள். தேத்தண்ணி குடிப்பேன் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நோர்வேயின் இந்தப் பேர்கன் நகரத்தில் விடாமல் பெய்கிற மழைக்குக்கூட இவர்கள் இப்படிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் மானிப்பாயில் கரண்ட் போனது தொண்ணூறாம் ஆண்டு, சண்டையோடு. யாரும் துண்டு ஒட்டவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்து, பிறகு எந்தச் சுவிச்சைப் போட்டோம், எதை நூர்த்தோம் என்பதே மறந்துபோயிற்று. நானும் மரியதாசும் அப்போது சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன கொம்பியூட்டர் கடை வைத்திருந்தோம். மரியதாஸ் குருநகர்ப் பொடியன். தகப்பனும் தமையன்மாரும் கடற்தொழில். படகு மெசினோடு வளர்ந்தவன் என்பதால் எங்கள் பழைய ஜெனறேற்றர் அவன் கைக்கு மட்டும்தான் மசியும். பெற்றோல் சில துளி விட்டு இழுத்து, இரைந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவான். தமிழில் அடிக்கிற புரோகிராம் வாங்க ஒரு வழியும் இல்லாததால் நாங்கள் இருவருமே ஒன்றை எழுதினோம். சோதனைப் பேப்பர், சங்கக் கடிதம் எல்லாம் வந்தாலும் கடையை ஓட்டியது கல்வெட்டுத்தான். இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஊரில் சாவு கூடக் கூட எங்களுக்கு வேலை கூடியது.

பண்டத்தரிப்பில் புதிதாகக் கடை போட்ட ஒருவர் அந்தப் புரோகிராமை விலைக்குக் கேட்டு வந்தார். மரியதாஸ் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்தான். போதாததற்கு நாங்கள் எழுதிய மூல வரிகளையும் இன்னொரு டிஸ்கில் போட்டுக் கொடுத்தான். திருத்தினால் எங்களுக்கும் ஒரு கொப்பி தாருங்கோ என்பதுதான் அவன் கேட்ட விலை. அவர் போனதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“உனக்கென்ன விசரே மச்சான்? உவர் நாளைக்கு எங்களுக்குப் போட்டியா நிப்பார்.”

“எங்களிட்டை மட்டும் கிடந்தால் ஆமி அடிக்கிற ஒரு செல்லோடை எல்லாம் போயிடும். நாலு இடத்திலை கிடக்கட்டும்.”

“சரி, புரோகிராமைக் குடு. மூலத்தை ஏன் குடுக்கிறாய்?”

“நாளைக்கு நாங்கள் இல்லாட்டில் ஆர் திருத்திறது?” என்று கேட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைக்கப் போய்விட்டான்.

ஒருநாள் ஒரு தகப்பன் சைக்கிளில் வந்தார். செல் விழுந்து மகள் செத்திருந்தாள். கல்வெட்டுக்கு ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. தானே சொல்கிறேன் என்று கதிரையில் இருந்தார். மகள் பிறந்தது, நடை பழகியது, பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு எடுத்தது, பனங்கிழங்குப் புழுக்கொடியல் இருந்தால் சோறு வேண்டாமென்பது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சாகச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். முடிகிற நேரம் பார்த்து ஜெனறேற்றர் இருமிவிட்டு நின்றது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. அந்த நாளில் எங்கள் புரோகிராம் எல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்கில் எழுதும். திரை கறுத்தபோது அவர் சொன்னது முழுக்கப் போய்விட்டது. மரியதாஸ் மெசினைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டு உள்ளே வந்து அவருக்கு முன்னால் குந்தியிருந்தான்.

“ஐயா, ஒருக்கால் திருப்பிச் சொல்லுவியளோ?”

“இல்லைத் தம்பி. ஒருக்கால் சொல்லிப்போட்டன். இனி ஏலாது. பேரையும் திகதியையும் போட்டு விடுங்கோ.”

அப்படியே போட்டுக் கொடுத்தோம். அன்றைக்கே மரியதாஸ் புரோகிராமை மாற்றினான். ஒவ்வொரு வரி முடிவிலும் அது நிற்கும், அந்த வரியை டிஸ்கில் எழுதும், பிறகுதான் அடுத்த வரிக்கு விடும். வேலை மந்தமாயிற்று. ஊரில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டில் நான் கடலேரியைக் கடந்து, கொழும்பு வந்து, இங்கே வந்து சேர்ந்தேன். “கடையை ஆர் பாக்கிறது?” என்று மரியதாஸ் நின்றுவிட்டான். இங்கேயும் எனக்கு அதே தொழில்தான். பழைய கொம்பியூட்டர் திருத்துவது, தமிழில் அடித்துக் கொடுப்பது. கல்வெட்டுக்குப் பதில், பூப்படைந்த பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ். மரியதாசின் திருத்தங்கள் கொழும்புக்கு வருகிற யாராவது ஒருவரின் பைக்குள் டிஸ்காக வந்து சேரும். என் திருத்தங்கள் அதே வழியால் போகும். மூலத்தோடு சேர்த்து புரோகிராமை இங்குள்ள பல்கலைக்கழக இணையத்திலும் போட்டுவிட்டேன். அங்கே அதைக் கண்டு என்னைத் தேடிக்கொண்டு வந்த நொர்வீஜியன் மாணவன்தான் லார்ஸ். தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. மூல வரிகளை மட்டும் என்னைவிட நன்றாக வாசித்தான். சும்மா கொடுத்ததற்கு என் கையைப் பிடித்துக் குலுக்கி, இது அசல் டுக்னாட் என்றான். டுக்னாட் என்பது அயலவர் எல்லோரும் ஒரு சனிக்கிழமை கூலியில்லாமல் சேர்ந்து முற்றம் கூட்டிவிட்டு வாஃபிள் தின்பது. நாங்கள் செல்லுக்குப் பயந்து கொடுத்தோம் என்று நான் சொல்லவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த முறை வரும்போது லார்ஸ் ஒரு டிஸ்கோடு வந்தான். “ஒரு பெரிய பிழை கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் டிஸ்குக்கு ஓடுகிறது. எடுத்துவிட்டேன்” என்றான். போட்டுப் பார்த்தேன். பறந்தது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்துச் சஞ்சிகைக்காரர் ஏற்கெனவே, “அண்ணை, உங்கடை புரோகிராம் மாட்டுவண்டில் மாதிரிப் போகுது. நாங்கள் வேறை இடம் பாக்கட்டோ?” என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் போனால் என் கடை நிற்காது. லார்ஸின் டிஸ்கை ஏற்றால், என்னிடமிருந்து ஊருக்குப் போவதும் அதுவாகத்தான் இருக்கும். யாரோ ஒரு தகப்பன் சொல்லிக்கொண்டிருக்க ஜெனறேற்றர் நிற்கும். முடிவை மரியதாசிடம் கேட்டு எழுதினேன்.

பதில் வரமுன், தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறதென்று மானிப்பாயோடு சேர்த்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுவிட்டது. றேடியோவில்தான் கேட்டேன். சனம் மழையில், இரவோடிரவாக, கையில் அகப்பட்டதோடு நடந்ததாம். மரியதாஸ் சைக்கிள் கரியரில் கொம்பியூட்டரை வைத்தானா, தாயை வைத்தானா, இரண்டும் இல்லையா, தெரியவில்லை. அன்றைக்கு வந்த அழைப்பிதழ்களை அடித்து முடித்தேன். அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பக்கம்போல எல்லாம் விறைத்துப் போயிருந்தது. அழுகை வராததுதான் பயமாக இருந்தது. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கடைசியில் புரோகிராமை இரண்டாக்கினேன். நிற்காமல் ஓடுகிறது இங்கைக்கு, நின்று நின்று போகிறது அங்கைக்கு. சஞ்சிகைக்காரர் போகவில்லை, கடை நடக்கிறது. ஒரு பக்கத்தில் பிழை வந்தால் இரண்டு பக்கமும் திருத்துகிறேன். ஒரு வேலையை ஏன் இரண்டு தரம் செய்கிறேன் என்று லார்சுக்கு விளங்கவில்லை. போன கிழமை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், இந்த மெதுவானதை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டான். என் பங்காளி என்றேன். “அப்படியா? அவர் எங்கே இருக்கிறார்?” என்றான். தெரியாது என்றேன். என்னுடைய நொர்வீஜியன் போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அதே கேள்வியை இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகத் திரும்பக் கேட்டான். நான் இங்கிலிஷிலும் தெரியாது என்றேன்.