விளக்கு வைப்பதற்குள் ஆத்தூர் போய்வர

காலை ஆறரை மணிக்கு வெண்ணந்தூரிலிருந்து நானும் என் மகள் கௌசல்யாவும் புறப்பட்டோம். பிளஸ் டூ முடித்தவள். பக்கத்துக் கல்லூரியில் அவள் கேட்ட வேதியியல் நிரம்பிவிட்டது. ஆத்தூரைத் தாண்டியிருக்கும் அரசு கலைக் கல்லூரியில் அன்று பத்து மணிக்குக் கலந்தாய்வு. எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நானே பத்தாம் வகுப்போடு நின்றவள்.

என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே ஒரு நிபந்தனை போட்டார். "ஹாஸ்டல் எல்லாம் ஆவாது. போயிட்டு வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேருங்க. வர முடிஞ்சா தெனமும் போவட்டும். முடியலீன்னா ஜவுளிக்கடை வேலைக்குப் போவட்டும்."

ஆகவே அது சீட்டு வாங்கும் பயணம் மட்டுமல்ல. வழியைச் சோதித்துப் பார்க்கும் பயணமும்தான்.

இராசிபுரம் வரை டவுன் பஸ். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியது, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏழு மணிக்கு முன்பே பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டோம். ஆத்தூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க வேண்டும். எனக்கு வெளியாளிடம் பேச நாக்கு எழாது. அந்த இளஞ்சிவப்பு பஸ்ஸைத் தவிர வேறு பஸ்ஸில் நான் ஏறி வருடங்கள் ஆகின்றன. ஆத்தூருக்கும் அப்படி ஒன்று வரும் என்று ஒரு தூணோரம் நின்றுகொண்டேன்.

"நான் போய்க் கேட்டுட்டு வாரேன்மா" என்றாள் கௌசல்யா.

"பேசாம நில்லு சாமி. வரும்."

வெள்ளையும் பச்சையுமாக பஸ்கள் வந்தன, போயின. நான் நிறத்தைத்தான் பார்த்தேன், பெயர்ப்பலகையைப் படிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்தபோது டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, எங்க போவோணும்?"

"ஆத்தூருங்க."

"ரெண்டு ஆத்தூர் வண்டி உங்க மூக்குக்கு முன்னால போச்சுங்களே!"

"டவுன் பஸ் வருமுன்னு பாத்துட்டு..."

அவர் சிரித்துவிட்டார். "ஆத்தூருக்கு டவுன் பஸ்ஸா? அது வேற ஜில்லாங்க! விட்டா மெட்ராஸுக்கும் டவுன் பஸ் கேப்பீங்க போலிருக்குது."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பே கூசிப்போனது. கௌசல்யா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரும் பக்கம் போய் நின்றாள். என்னை ஏசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

எட்டே காலுக்கு அடுத்த பஸ் கிடைத்தது. ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். நாமகிரிப்பேட்டையைத் தாண்டியதும் இடப்பக்கம் போதமலை, வலப்பக்கம் கொல்லிமலை. இரண்டுக்கும் நடுவே மரவள்ளிக் காடுகள். மெட்டாலாவில் ஆஞ்சநேயர் கோயில் குரங்கு ஒன்று சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி எங்கள் சோற்றுப் பையை எட்டிப் பார்த்தது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு மங்களபுரம், மல்லியகரை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

ஆத்தூரில் இறங்கியதும் கௌசல்யா என்னைக் கேட்கவில்லை. நேரே ஒரு கண்டக்டரிடம் போய் விசாரித்தாள். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸே போகிறதாம். அதே இளஞ்சிவப்பு நிறம். அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். வாசலில் இருந்த பேராசிரியை எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு தடவ கூப்பிட்டோம்மா. எல்லாரும் முடியட்டும், கடைசியில வாங்க. அப்ப என்ன மிஞ்சியிருக்கோ அதுதான்."

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் கல்வராயன் மலையிலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மாள் இருந்தார்.

"நாங்க நேத்தே மலைய விட்டு எறங்கிட்டோம். பஸ்ஸ நம்ப முடியாதில்ல? நீங்க ரோட்டு மேல இருக்கறவங்க, உங்களுக்கென்ன!" என்றார்.

ரோட்டு மேல் இருந்தும் கோட்டை விட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? கொண்டுபோன தக்காளிச் சோற்றில் பாதியை அவர்களுக்கு வைத்தேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் கிடைத்தது. விடுதியும் உண்டாம். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

மூன்று மணிக்குக் கௌசல்யாவைக் கூப்பிட்டார்கள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன. பேராசிரியை என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வேதியியல் ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. போட்டுடலாமா?"

தலையைத்தான் ஆட்டினேன். "அம்மா சரின்னு சொல்றாங்க மேடம்" என்று கௌசல்யா எனக்காகச் சொன்னாள்.

அலுவலக வேலை முடிந்து கிளம்ப நாலரை. ஆத்தூரில் ஐந்தரைக்குத்தான் பஸ். வழியில் ஜவ்வரிசி மில்களின் களத்தில் காயப்போட்டிருந்த வெள்ளை மாவை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் கிடைத்த நிம்மதியில் கௌசல்யா என் தோளில் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. மெட்டாலாவில் வெயில் மலைக்குப் பின்னால் போனது. இராசிபுரத்தில் தெருவிளக்கு எரிந்தது.

வெண்ணந்தூரில் இறங்கும்போது நன்றாக இருட்டி, எட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் மொபெட்டோடு நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

"சீட்டு?"

"கெடச்சிருச்சுப்பா."

"ஏன் இந்நேரம்?"

நடந்ததை நானே சொன்னேன். டீக்கடைக்காரர் சிரித்ததையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"ரெண்டு பஸ்ஸ உட்டது ஆரு?"

"நாந்தானுங்க."

"கேக்கப் போன புள்ளைய அடக்குனது?"

"அதும் நாந்தானுங்க."

"அப்பறமென்ன? நீ கூடப் போவாம இருந்தா அவ வெளிச்சத்துலயே வந்து சேந்திருவா" என்று மொபெட்டை உதைத்தார். "ஏறு சாமி."

அன்று வாங்கிய ஏச்சில் இது ஒன்றுதான் எனக்கு இனித்தது. அவர்கள் முன்னால் போக, நான் நடந்து போனேன். தெருவில் எல்லா வீடுகளிலும் விளக்கு வைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டுச் சாமி மாடம் மட்டும் இருட்டாக இருந்தது.

"ஏனுங்க, வெளக்கு வெக்கலீங்களா?"

தறிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நீங்க வாரதுக்குள்ள எப்படி வெக்கறது?"

கௌசல்யா பையை இறக்கி வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தாள்.