சந்தானம் இளைத்த கதை

புனேயில் இப்போது பட்டினி கிடப்பது வசதியானவர்களின் வேலை. வாகட் அடுக்ககங்களில் காலை இட்லியைத் துறந்தவர்கள், கைபேசியில் மணி பார்த்துப் பன்னிரண்டுக்கு வாய் திறக்கிறார்கள். கசார்வாடி சந்தானத்துக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. நாற்பத்து மூன்று வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ, லேத் பட்டறையில் சூப்பர்வைசர். அவர் இளைக்க வேண்டியிருந்தது அக்காவுக்காக.

தளேகாவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா அபயாம்பாளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. காப்பியைத் தவிர வேறொரு கெட்ட பழக்கம் இல்லாத மனுஷி. ஆனால் கல்லீரல் நன்னடத்தைச் சான்றிதழ் பார்ப்பதில்லை. மகள் லலிதாவின் ரத்தம் சேரவில்லை. தம்பியின் ரத்தம் சேர்ந்தது. என்னுடையதில் ஒரு பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சந்தானம் போய் நின்றார். ஸ்கேன் பார்த்த மருத்துவர், இதில் கொழுப்பு படிந்திருக்கிறது, எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். இரண்டு மாதத்துக்குள் வந்தால் நல்லது, அதற்கு மேல் அக்கா தாங்குவது சிரமம் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் சோனியா அட்டவணை எழுதித் தந்தாள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை சாப்பாடு. இவ்வளவு காய், இவ்வளவு பருப்பு, ஒரே ஒரு சப்பாத்தி. மிச்சம் பதினாறு மணி நேரம் உபவாசம். உபவாசத்தைப் போய் விளக்குவானேன் என்று அவள் நினைத்திருப்பாள். சந்தானமும் கேட்கவில்லை. கசார்வாடியில் பிறந்து வளர்ந்தவருக்கு உபவாசம் தெரியாதா?

அங்கேதான் வினை. ஏகாதசிக்கும் சதுர்த்திக்கும் அந்த மராத்தித் தெருவில் இருக்கிற விரதத்தில் அரிசியும் கோதுமையும்தான் ஆகாது. நெய்யில் புரட்டி, வேர்க்கடலைப் பொடி தூவிய ஜவ்வரிசிக் கிச்சடியைச் சாப்பாடு என்றே யாரும் நினைப்பதில்லை. உருளைக்கிழங்கு வறுவலும் அப்படியே. சின்ன வயதிலிருந்து அதையே பார்த்தவர், காலை ஒன்பதுக்குப் பட்டறை வாசல் வண்டியில் ஒரு தட்டு கிச்சடி, பதினொன்றுக்கு ஒரு பொட்டலம் வறுவல் என்று விரதத்தைத் தொடங்கினார். மதியம் பருப்பை ஸ்பூனில் அளந்தார். அந்த ஒற்றைச் சப்பாத்தியிலும் பாதியைத் தியாகம் செய்தார். இப்படியொரு வைராக்கியத்தைத் தான் பார்த்ததில்லை என்று பக்கத்து மெஷின் கிருஷ்ணா ஊரெல்லாம் சொன்னான்.

ஐந்து வாரம் கழித்து எடை தொண்ணூற்று நாலு.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சோனியா கேட்டாள். ஒன்றுமே இல்லை, வெறும் கிச்சடிதான் என்றார் சந்தானம், கொஞ்சம் பெருமையாகவே. அவள் சிரித்துவிட்டாள். மேசையில் கிடந்த அபயாம்பாளின் ஃபைல் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றது.

"பானி, சார். சிர்ஃப் பானி," என்றாள் மெதுவாக. தண்ணீர். தண்ணீர் மட்டும்.

அன்றைக்கே லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போனார். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் சாய்ந்திருந்த அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அடப்பாவி, அஞ்சு வாரமா ஜவ்வரிசியத் தின்னுட்டா விரதம் இருந்தே?"

"எல்லாரும் அப்படித்தானேக்கா இருக்காங்க."

"அவங்க சாமிக்கு இருக்காங்க. சாமிகிட்ட ஸ்கேன் மெஷின் கெடயாதுடா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின், இன்னும் எத்தனை நாளாகும் என்று கேட்டாள். அவர் விரலை மடக்கி வாரங்களை எண்ண ஆரம்பித்தார்.

"சரி விடு. இந்தக் கிச்சடி கதைய லலிதாகிட்ட சொல்லாத," என்றாள்.

அதன்பின் சந்தானம் இருந்தது நிஜமான பட்டினி. பதினொரு மணிக்கு லேத்தோடு சேர்ந்து தலையும் சுற்றும். தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்பார். பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டார். ஏழு வாரத்தில் எண்பத்து நாலு. ஸ்கேன் பார்த்த மருத்துவர் எழுந்து கைகொடுத்தார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. திங்களன்று அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. வயிற்றில் கோத்திருந்த நீரில் கிருமி. இந்த நிலைமையில் கத்தி வைக்க முடியாது என்றார்கள். சனிக்கிழமை போய்விட்டாள். மாசுமறுவற்ற ஒரு கல்லீரலைச் சுமந்துகொண்டு சந்தானம் சுடுகாட்டிலிருந்து திரும்பினார்.

கருமாதிக்கு மாயவரத்திலிருந்து உறவு ஜனம் வந்து இறங்கியது. பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த பருத்த சித்தப்பா, வடையைப் பிட்டபடி, ஆளே மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டியே, என்ன ரகசியம் என்றார். துக்க வீட்டிலும் ஜனங்களுக்கு உடம்பு இளைப்பதில் உள்ள அக்கறை குறைவதில்லை. சந்தானம் பொறுமையாகச் சொன்னார். பன்னிரண்டிலிருந்து எட்டு, மிச்ச நேரம் தண்ணீர்.

"எத்தனை நாள்ல எறக்குனே?"

"ஏழு வாரம்."

எதிர்வரிசையில் லலிதா சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். சந்தானம் அவளைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"இல்ல சித்தப்பா, பன்னெண்டு வாரம். மொத அஞ்சு வாரம் விரதம்னு நெனச்சு கிச்சடி தின்னுக்கிட்டிருந்தேன். ஏறித்தான் போச்சு."

சித்தப்பாவுக்குப் புரையேறியது. பந்தியே சிரித்தது. லலிதா சிரிக்கவில்லை. கரண்டி வாளிக்குள் நின்றது. ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு வந்தவள் மாமா இலை முன்னால் வந்ததும் நின்றாள். அவர் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார்.

ஊற்றாமல் அடுத்த இலைக்குப் போனாள்.