வின்னி பென்ஃபோல்டின் மூக்கு

கென்ட் கடலோர விமானத் தளத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த வின்னி பென்ஃபோல்டுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். இதை அவள் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் பாரசூட் மடிக்கும் பிரிவு. அவள் சமையல் கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள். கெஞ்சிக் கூத்தாடி மெக்கானிக் பயிற்சி முடித்து, 1944 கோடையில் ஜெட் விமானங்கள் பக்கம் வந்து சேர்ந்தாள்.

மூக்கில் விசிறி சுற்றாத அந்தச் சண்டை விமானங்களை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. எதிரி அனுப்பும் ஆளில்லாக் குண்டுகள் எங்கள் தலைக்கு மேலாகத்தான் லண்டனுக்குப் பறந்தன. அவற்றைத் துரத்திப் பிடிக்கவே இவை வந்தன. பறப்பது என்னவோ மின்னல் வேகம், குடிப்பது மட்டும் ஏழை வீட்டு அடுப்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்.

மெக்கானிக்குகளுக்குப் பொறுப்பான சார்ஜெண்ட் ஹார்க்னஸ் வின்னியை ஒரு மாதச் சோதனையில் வைத்தார்.

"ஒரே ஒரு தப்பு போதும்மா, மறுபடியும் உருளைக்கிழங்குதான்."

தளத்தில் பாதிப் பேர் அவள் எப்போது தடுக்கி விழுவாள் என்று காத்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

இருபத்திரண்டாவது நாள் காலை, குண்டு வருவதாக மணி அடித்தது. விமானி ரெட்ஷா ஓடி வந்தார். வின்னி விமானத்தின் அடியில் குனிந்து, எரிபொருள் தொட்டியின் வடிகுழாயிலிருந்து ஒரு சொட்டை விரலில் வாங்கி முகர்ந்தாள். உடனே எழுந்து ஏணிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஏறாதீங்க சார். தொட்டியில பெட்ரோல் கலந்திருக்கு."

ஹார்க்னஸின் முகம் சிவந்தது. "குண்டு தலைக்கு மேல வந்துட்டு இருக்கு. நீ மோப்பம் பிடிச்சிட்டு நிக்கிறியா? தள்ளு."

"எங்க வீட்ல பதினெட்டு வருஷம் மண்ணெண்ணெய் அடுப்புதான் சார். இது அந்த வாசனை இல்ல. இதோட மேல போனா எண்ணெய் வழவழப்பு இல்லாம பம்ப் காஞ்சு, இன்ஜின் நின்னுடும்."

"தப்பா இருந்துச்சுன்னா?"

"நானே போய் உரிக்கிறேன்."

அவள் கால் நகரவில்லை. ரெட்ஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து கையை எடுத்தார். பக்கத்து விமானம் தனியாக மேலே போனது. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டியை வாளியில் வடித்தார்கள். ஹார்க்னஸ் குனிந்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு எரிபொருள் வண்டி ஓட்டும் டிம்ஸைக் கூப்பிட்டார். இருபது வருடம் விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றிய மனுஷன் அவர்.

"நாந்தான் ஊத்தினேன்," என்றார் டிம்ஸ், தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே. "ராஜாவோட சண்டை விமானத்துக்குப் போய் அடுப்பெண்ணெயான்னு மனசு கேக்கல. கடைசியா கொஞ்சம் நல்ல பெட்ரோல் ஊத்தி நிரப்பி விட்டேன். மரியாதைக்குத்தான் சார்."

ஹார்க்னஸ் "உன் மரியாதை ஒரு ஆளைக் கொன்னிருக்கும்யா" என்று மட்டும் சொன்னார். வின்னியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோ கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"என்னை அனுப்பிடுவாங்களாடி?" என்றாள்.

"தெரியல" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

தொட்டியைக் கழுவி, மண்ணெண்ணெய் நிரப்பி, மதியம் விமானம் தயாரானது. தேநீர் வேளையில் மறுபடியும் மணி அடித்தது. ரெட்ஷா ஓடி வந்தவர் ஏணிக்கு அருகில் நின்றார். "எல்லாம் பாத்தாச்சு சார், கிளம்புங்க" என்றார் ஹார்க்னஸ். ரெட்ஷா அசையவில்லை. வின்னி பக்கம் திரும்பினார்.

"மிஸ் பென்ஃபோல்ட், ஏறலாமா?"

வின்னி ஹார்க்னஸைப் பார்த்தாள். அவர் இரண்டடி விலகி, வடிகுழாய்க்கு வழிவிட்டார். அவள் குனிந்து விரலில் ஒரு சொட்டு வாங்கி முகர்ந்தாள். கடலோரம் முழுக்கச் சங்கு ஊதிக்கொண்டிருக்க, அத்தனை ஆண்களும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏறுங்க சார்," என்றாள்.